‘ஜானி கிட்டார்’ படத்தின் வியன்னா

“பழைய ஹாலிவுட் கௌபாய் படங்களில் பெண்கள் வாசலில் நின்று வழியனுப்புகிறார்கள், இல்லையென்றால் மதுக்கூடத்தில் ஆடுகிறார்கள். ஒரு பெண்ணே முதுகெலும்பாக நிற்கும் நல்ல வெஸ்டர்ன் ஒன்றாவது உண்டா? இருந்தால் அதில் என்ன விசேஷம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. 1954 மே மாதம் வெளியான ‘ஜானி கிட்டார்’. இயக்கம் நிக்கோலஸ் ரே, தயாரிப்பு ரிபப்ளிக் பிக்சர்ஸ். படத்தின் பெயர் ஆணுடையது. படம் முழுக்க முழுக்க வியன்னா என்ற பெண்ணுடையது. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் ஜோன் கிராஃபோர்ட். கதையை முடிவுவரை சொல்லாமல் இந்தப் படத்தின் அருமையை என்னால் விளக்க முடியாது. எனவே முதலில் படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்தக் காலத்து வெஸ்டர்ன் படங்களில் துணிச்சலான பெண்கள் இல்லாமல் இல்லை. 1950இல் வந்த ‘ஆனி கெட் யுவர் கன்’ படத்தின் நாயகி, குறி தவறாமல் சுடுவதில் எந்த ஆணுக்கும் சளைக்காதவள். ஆனால் காதலனை அடைவதற்காகக் கடைசிப் போட்டியில் வேண்டுமென்றே தோற்கிறாள். 1953இல் வந்த ‘கலாமிட்டி ஜேன்’ படத்தில் டோரிஸ் டே தோல் உடுப்பும் துப்பாக்கியுமாகத் துள்ளித் திரிகிறார். பிறகு அவருக்குப் பாவாடை உடுத்தவும் வீட்டைத் துடைத்து அலங்கரிக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். இரண்டும் பாட்டும் சிரிப்புமாக ரசிக்கத்தக்க படங்கள்தான். ஆனால் இரண்டிலும் பெண்ணின் திறமை, கல்யாணத்துக்கு முன் கட்ட வேண்டிய அபராதம் போலவே வைக்கப்பட்டிருக்கிறது. ‘ஜானி கிட்டார்’ அந்த அபராதத்தை வியன்னாவிடம் வசூலிப்பதில்லை. அந்தக் காலத்தில் இது சாதாரணமான காரியமல்ல.

பெண் கையில் துப்பாக்கி இருக்கிறது என்பதால் மட்டும் இந்தப் படத்தை நான் முன்னே வைக்கவில்லை. துப்பாக்கியை யார் கையில் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். வியன்னா ஓர் இடத்துக்குச் சொந்தக்காரி. அதை விட்டுப் போகச் சொல்கிறார்கள். அவள் போக மறுக்கிறாள். படத்தின் விசை முழுவதும் அந்த மறுப்பில் இருக்கிறது.

தொடக்கத்தைப் பாருங்கள். மலைப்பாதையில் ஒருவன் குதிரையில் வருகிறான். முதுகில் கிட்டார், இடுப்பில் துப்பாக்கி இல்லை. ஒரு பக்கம் ரயில் பாதைக்காக மலையை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். இன்னொரு பக்கம், கீழே பள்ளத்தில் ஒரு குதிரை வண்டியைக் கொள்ளையடிக்கிறார்கள். அவன் பார்க்கிறான், தன் வழியில் போகிறான். புழுதிப் புயலுக்குள் நுழைந்து, ஆள் அரவமற்ற வெளியில் தனியாக நிற்கும் ஒரு மதுக்கூடத்துக்கு வந்து சேர்கிறான். உள்ளே விளக்குகள் எரிகின்றன, மேசைகள் தயாராக இருக்கின்றன, சூதாட்டம் நடத்துபவர்கள் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. மேலே மாடியிலிருந்து கறுப்பு உடையில், கால்சட்டையும் இடுப்பில் துப்பாக்கியுமாக ஒரு பெண் நின்று கட்டளையிடுகிறாள். சும்மா நிற்கும் ரூலெட் சக்கரத்தைச் சுழற்றச் சொல்கிறாள். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவளிடம் வேலை பார்க்கும் ஒருவன், இவளைப் போல ஆணாக நினைத்து ஆணாக நடக்கும் பெண்ணைப் பார்த்ததில்லை என்றும், இவள் முன்னால் சில நேரம் தான் ஆண்தானா என்றே தனக்குச் சந்தேகம் வருகிறது என்றும் சொல்கிறான்.

வாடிக்கையாளர் இல்லாத கடையை ஏன் இத்தனை ஆடம்பரமாகத் திறந்து வைத்திருக்கிறாள்? இங்கேதான் கதையின் பொருளாதாரம் வருகிறது. ரயில் இந்த வழியாக வரப்போகிறது. பாதையை அளந்தவர் ஒருவரிடமிருந்து அந்த ரகசியத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, எல்லோருக்கும் முன்னால் இந்த இடத்தை அவள் பிடித்துவிட்டாள். நிலையம் வரும், அதைச் சுற்றி ஊர் வரும், அந்த ஊர் அவள் நிலத்தில் எழும். அந்த ரகசியத்தைப் பெறுவதற்கு என்ன கொடுத்தாள் என்பதைப் படம் மறைப்பதும் இல்லை, உரக்கச் சொல்வதும் இல்லை. அன்றைய தணிக்கை விதிகளுக்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்கிறது. கிட்டாரோடு வந்த ஜானியோடு பேசும்போது, இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு பலகைக்கும் உத்திரத்துக்கும் என்று அவள் ஆரம்பிக்கிறாள். அவனால் கேட்க முடியவில்லை, இடைமறித்துவிடுகிறான். சொல்ல அவளுக்குத் தயக்கமில்லை. கேட்பதற்குத்தான் அவனிடம் தைரியமில்லை. வேறொரு சமயத்தில், தன்னிடம் இருப்பதைப் பெற்ற விதத்துக்காகத் தான் வெட்கப்படவில்லை என்று நேராகவே சொல்கிறாள். ஆண் பொய் சொல்லலாம், திருடலாம், கொலைகூடச் செய்யலாம், மானத்தைக் காப்பாற்றிக்கொண்டால் ஆணாகவே இருப்பான். பெண் ஒரே ஒருமுறை சறுக்கினால் போதும், ஊர் அவளுக்குப் பெயர் வைத்துவிடும் என்ற பொருளில் அவள் பேசும் வசனமும் உண்டு. 1954இல் ஒரு கௌபாய் படத்தில் இதைச் சொன்னார்கள் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு மரியாதை பெருகுகிறது.

அந்த இரவே ஊர் திரண்டு அவள் வாசலுக்கு வருகிறது. வண்டிக் கொள்ளையில் செத்துப்போனவனின் உடலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முன்னால் வருபவள் எம்மா ஸ்மால், இறந்தவனின் தங்கை. அவளுக்குப் பக்கத்தில் பெரிய மாட்டுப் பண்ணைக்காரன் மெக்கைவர்ஸ். கொள்ளையடித்தது ‘டான்சிங் கிட்’ என்பவனும் அவன் ஆட்களும், அவர்களுக்கு இடம் கொடுப்பவள் வியன்னா என்பது எம்மாவின் குற்றச்சாட்டு. சாட்சி எதுவும் இல்லை. வியன்னா மாடிப்படியின் மேலே துப்பாக்கியோடு நிற்கிறாள். கீழே விற்பது மதுவும் சீட்டும், படியேறி வந்தால் கிடைப்பது தலையில் ஒரு தோட்டா என்கிறாள். உன்னைக் கொல்லப் போகிறேன் என்கிறாள் எம்மா. தெரியும், அதற்குள் நான் உன்னைக் கொல்லாவிட்டால் என்கிறாள் இவள். இரு பெண்களும் கண்ணோடு கண் பார்த்துப் பேசிக்கொள்ள, சுற்றிலும் அத்தனை ஆண்களும் வேடிக்கை பார்க்கிறார்கள். வெஸ்டர்ன் படங்களில் இரண்டு ஆண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த இடம் அது. கேலியாகவோ வினோதமாகவோ காட்டாமல், அந்த இடத்தைப் படம் இவர்களுக்கு முழு மனதோடு கொடுக்கிறது.

அந்தப் படிக்கட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். நிக்கோலஸ் ரே இளமையில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் டாலீசின் பயிற்சி மையத்தில் சில காலம் இருந்தவர். யார் மேலே, யார் கீழே, யாருக்கும் யாருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை வைத்தே அதிகாரத்தைச் சொல்லும் வித்தை அவருக்குக் கைவந்தது. மதுக்கூடத்தின் பின்சுவரே செம்பாறைதான். மலையைக் குடைந்து அதற்குள் வீட்டைச் செருகிவைத்தது போல இருக்கும். அந்தப் பெண்ணை அந்த இடத்திலிருந்து பிரிக்க முடியாது என்று அந்தச் சுவரே சொல்கிறது. வெளிப்புறக் காட்சிகளை அரிசோனாவின் செடோனா பகுதியில், அங்குள்ள செந்நிறப் பாறைகளுக்கு நடுவே எடுத்தார்கள். ரிபப்ளிக் நிறுவனம் சிக்கனத்துக்குப் பெயர்போனது. டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறைக்குப் பதிலாகத் தங்கள் சொந்த ட்ருகலர் முறையைப் பயன்படுத்தினார்கள். அதன் நிறங்கள் இயல்பானவை அல்ல. ஆனால் ரேயும் ஒளிப்பதிவாளர் ஹாரி ஸ்ட்ராட்லிங்கும் அந்தக் குறையையே ஆயுதமாக்கிக்கொண்டார்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என ஒவ்வொரு நிறமும் ஒரு பாத்திரம் போலவே நடந்துகொள்கிறது.

இப்போது ஜானி. கிட்டாரோடு வந்தவன் உண்மையில் ஜானி லோகன் என்ற பெயர்பெற்ற துப்பாக்கி வீரன்; துப்பாக்கிகளைச் சேணப்பையில் மறைத்து வைத்திருக்கிறான். ஐந்து வருடங்களுக்கு முன் வியன்னாவைக் காதலித்து, கட்டிப்போடும் வாழ்க்கை வேண்டாமென்று விட்டுப் போனவன். இப்போது அவளே ஆள் அனுப்பி வரவழைத்திருக்கிறாள், சம்பளத்துக்கு. ஸ்டெர்லிங் ஹேடன் இந்தப் பாத்திரத்தை மிகவும் நிதானமாக, குரலை உயர்த்தாமல் நடித்திருக்கிறார். முதல் இரவு மோதலில், மதுக்கூடத்தின் மேடையில் உருண்டு விழப்போகும் ஒரு சிறு கண்ணாடிக் குவளையை அவன் சட்டென்று பிடிக்கும் காட்சி ஒன்று உண்டு. அவன் யார் என்று அந்த ஒரு கையசைவே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் துப்பாக்கி கைக்கு வந்தால் அவனுக்குப் பித்துப் பிடித்துவிடுகிறது. டர்க்கி என்ற பையன் வியன்னாவைக் கவர்வதற்காகச் சுட்டுக் காட்டும்போது, இவன் பாய்ந்து வந்து அவன் கைத் துப்பாக்கியைச் சுட்டுத் தள்ளிவிட்டுத் தொடர்ந்து சுடுகிறான். வியன்னா அதட்டி நிறுத்த வேண்டியிருக்கிறது. வழக்கமாகக் கதாநாயகனின் பெருமையாகக் காட்டப்படும் ஒன்றை இந்தப் படம் நோயாகக் காட்டுகிறது. அதைக் கண்டுபிடித்துச் சொல்பவளும் அவள்தான்.

அன்று நள்ளிரவில் இருவரும் சமையலறைப் பக்கம் சந்திக்கும் காட்சிதான் படத்தில் அதிகம் புகழ்பெற்றது. எத்தனை ஆண்களை மறந்திருக்கிறாய் என்று அவன் கேட்கிறான். நீ நினைவில் வைத்திருக்கும் பெண்கள் எத்தனை பேரோ அத்தனை பேரை என்கிறாள். பொய்யாவது சொல், இத்தனை வருடமும் எனக்காகக் காத்திருந்தேன் என்று சொல் என்கிறான். அவன் கேட்கும் வாக்கியத்தை அவள் அப்படியே திருப்பிச் சொல்கிறாள், குரலில் ஒரு துளி ஈரமில்லாமல். அவன் கேட்டது கிடைத்துவிட்டது. அதனால் ஒரு பயனும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் உடைகிறாள். ஸ்பானிய இயக்குநர் பெத்ரோ அல்மோதோவர் 1988இல் எடுத்த ‘பதற்றத்தின் விளிம்பில் பெண்கள்’ படத்தில் இதே காட்சி வருகிறது. அதன் நாயகியும் அவளைக் கைவிட்ட காதலனும் குரல் கலைஞர்கள். ஜானிக்கும் வியன்னாவுக்கும் ஸ்பானிய மொழியில் குரல் கொடுக்கிறார்கள். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் ஒலிப்பதிவு அறையில் இல்லை. நிஜக் காதலன் சொல்லாமல் ஓடிவிட்டான். அவன் முன்பே பதிவு செய்துவிட்டுப்போன குரலுக்கு அவள் பதில் பேச வேண்டும்.

இந்தக் காட்சியை மட்டும் கொண்டாடிவிட்டு நிறுத்திவிடும் விமர்சனங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. படத்தின் இதயம் அதற்கு மறுநாள் இருக்கிறது.

மெக்கைவர்ஸ் 24 மணி நேரக் கெடு விதித்துவிட்டான். வியன்னாவும் கிட்டின் ஆட்களும் வெளியேற வேண்டும். செய்யாத கொள்ளைக்குத் தங்களைத் துரத்துகிறார்கள், அப்படியென்றால் செய்துவிட்டே போவோம் என்று கிட்டும் அவன் கூட்டாளிகளும் வங்கிக்குள் நுழைகிறார்கள். கெட்ட நேரம், அதே வேளையில் வியன்னா தன் ஆட்களுக்குக் கணக்குத் தீர்ப்பதற்காகப் பணம் எடுக்க அங்கே வந்திருக்கிறாள். ஊருக்கு இது போதும். தப்பி ஓடும்போது காயப்பட்ட டர்க்கி, அந்தச் சின்னப் பையன், வியன்னாவின் வீட்டுக்கே வந்து விழுகிறான். அவள் அவனை ஒளித்து வைக்கிறாள்.

அப்போது வருகிறது கூட்டம். எம்மாவின் அண்ணனைப் புதைத்த இடத்திலிருந்து நேராக வந்தவர்கள், அத்தனை பேரும் துக்கத்துக்கு உடுத்திய கறுப்பு உடையில். உள்ளே வியன்னா வெள்ளை வெளேரென்ற நீண்ட கவுன் அணிந்து, செம்பாறைச் சுவரை ஒட்டித் தனியாக உட்கார்ந்து பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். துப்பாக்கி இல்லை. முதல் இரவு கால்சட்டையும் துப்பாக்கியுமாக மாடியில் நின்றவள், இப்போது கீழே, அவர்கள் நிற்கும் அதே தளத்தில் இருக்கிறாள். தன் வீட்டில் தான் பியானோ வாசிக்கிறாள், அவ்வளவுதான் என்ற பாவனை. கிராஃபோர்டின் முகத்தில் ஒரு தசை அசையாது. பெண்ணின் பலத்தைக் காட்ட எடுக்கப்பட்ட எத்தனையோ காட்சிகளைப் பார்த்திருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்வது எனக்குக் கடினம்.

பையன் பிடிபடுகிறான். பிறகு நடப்பதுதான் இந்தப் படத்தைக் காலத்தைத் தாண்டி நிறுத்துகிறது. எம்மாவும் மெக்கைவர்ஸும் அவனிடம் பேரம் பேசுகிறார்கள். வியன்னாவும் கொள்ளையில் கூட்டு என்று சொல்லிவிடு, உன்னை விட்டுவிடுகிறோம். அவன் நடுங்குகிறான், சாக விருப்பமில்லை, என்ன செய்யட்டும் என்று வியன்னாவிடமே கேட்கிறான். உன்னைக் காப்பாற்றிக்கொள் என்கிறாள் அவள். தன் மேல் விழப்போகும் பொய்க்குத் தானே அனுமதி கொடுக்கிறாள், ஒரு பையனின் உயிருக்காக. அவன் தலையசைக்கிறான். அதற்குப் பிறகும் அவனைத் தூக்கில் போட்டுவிடுகிறார்கள். சட்டப்படி நடக்க வேண்டும் என்று கெஞ்சிய ஊர்க் காவல் அதிகாரி மார்ஷலும், வியன்னாவின் முதிய வேலையாள் டாமும் துப்பாக்கிச் சூட்டில் விழுகிறார்கள். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள், வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் முக்கியமானவனாக உணர்வதாகச் சொல்லிவிட்டு டாம் உயிர்விடுகிறார். ஜான் கரடைன் சொல்லும் அந்த ஒரு வரி, படம் முடிந்த பிறகும் மனத்தில் கிடந்து அறுக்கும்.

1954ஐ நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பாருங்கள். செனட்டர் மெக்கார்த்தியும் ராணுவமும் மோதிய விசாரணை அமெரிக்க வீடுகளின் தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருந்த அதே வாரங்களில் இந்தப் படம் வெளியானது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்பிருந்தே, ஹாலிவுட் கலைஞர்களை நாடாளுமன்றக் குழுவின் முன் உட்காரவைத்து, கம்யூனிஸ்டுகள் யார் யார் என்று பெயர் சொல்லவைத்தார்கள். சொல்லாதவர்களுக்கு வேலை போயிற்று. ஜானியாக நடித்த ஸ்டெர்லிங் ஹேடன் 1951இல் அந்தக் குழுவின் முன் ஆஜராகிப் பெயர்களைச் சொன்னவர். அதற்காக வாழ்நாள் முழுவதும் தன்னையே வெறுத்தார். 1963இல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் அதை ஒளிக்காமல் எழுதினார். மெக்கைவர்ஸாக நடித்த வார்ட் பாண்ட், ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டு வேட்டையை முன்னின்று நடத்திய அமைப்பின் தலைவர்களில் ஒருவர். திரைக்கதைக்குப் பெயர் போட்டிருக்கும் ஃபிலிப் யோர்டன், கறுப்புப் பட்டியலில் இருந்த எழுத்தாளர்களின் படைப்புகளுக்குத் தன் பெயரைக் கொடுத்து வந்தவர். ஒரு பக்கம் பெயர் சொன்னவர், ஒரு பக்கம் பெயர் கேட்டவர். இருவரையும் வைத்து, பெயர் சொன்னால் விட்டுவிடுகிறோம் என்று ஒரு பையனை மிரட்டும் காட்சியை எடுத்திருக்கிறார் ரே. தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. கொடுத்த வாக்கைக் கூட்டம் காப்பாற்றவில்லை என்பதுதான் இந்தக் காட்சியின் கூர்மை. பெயர் சொன்னவனும் பிழைப்பதில்லை.

அதனால்தான் வியன்னாவை ‘ஆண் போல நடக்கும் பெண்’ என்று சுருக்குவது எனக்கு ஏற்பில்லை. அந்த ஊரின் ஆண்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாக நினைக்கிறார்கள், ஒருவனுக்கும் தனியாகச் சொந்தக் கருத்து இல்லை. அவளைத் தூக்கிலிட குதிரை மேல் ஏற்றிவிட்ட பிறகு, குதிரையை விரட்ட அவர்களில் ஒருவனுக்கும் கை வரவில்லை. எம்மாவே செய்ய வேண்டியிருக்கிறது. (ஜானி மறைந்திருந்து கயிற்றை அறுத்துவிடுகிறான்.) தனியாக நின்று யோசிக்கக்கூடிய ஒரே ஆள் அந்த நிலப்பரப்பில் வியன்னா மட்டும்தான்.

எம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எம்மாவாக நடித்த மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் 1949இல் வந்த ‘ஆல் த கிங்ஸ் மென்’ படத்துக்காக ஆஸ்கார் வாங்கியவர். பிற்காலத்தில் ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்தின் பேய்க் குரல் அவருடையதுதான். சிறிய உருவம், ஆனால் அத்தனை ஆண்களையும் முன்னால் தள்ளிக்கொண்டு போகும் ஆங்காரம். குதிரையில் பறக்கும்போது துக்கத்துக்கு அணிந்த முக்காட்டுத் தொப்பி காற்றில் பறந்து புழுதியில் விழுகிறது. அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அண்ணனுக்கான துக்கம் அந்த இடத்தோடு முடிந்தது. மதுக்கூடத்தின் சரவிளக்கைச் சுட்டு வீழ்த்தித் தீ வைத்துவிட்டு, வெளியே வந்து எரிவதைப் பார்க்கும்போது அவள் முகத்தில் பரவும் பரவசம் அச்சமூட்டுவது.

எனக்குப் படத்தின் மீது ஒரு மனக்குறை உண்டு, அது இவளைப் பற்றியதுதான். எம்மாவுக்கு டான்சிங் கிட் மேல் ஆசை, அந்த ஆசையை அவளால் தாங்க முடியவில்லை, அதனால்தான் அவனையும் அவன் விரும்பும் வியன்னாவையும் அழிக்கத் துடிக்கிறாள் என்று வசனத்திலேயே விளக்கிவிடுகிறார்கள். பெரும்பாலான விமர்சகர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கூட்டத்தைத் திரட்டும்போது எம்மா பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ரயில் வந்தால் கிழக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் விவசாயிகள் வந்துவிடுவார்கள், நம் மேய்ச்சல் நிலத்தில் கம்பிவேலி போடுவார்கள், நம்மை வெளியே தள்ளிவிடுவார்கள் என்கிறாள். அது தெளிவான நிலவுடைமைப் பேச்சு. அவளும் சொத்துக்காரி, வியன்னாவும் சொத்துக்காரி. பழைய மேய்ச்சல் நிலத்துக்கும் வரப்போகும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் நடக்கும் சண்டையில், இருவருமே தங்கள் பக்கத்தின் தலைவர்கள். படம் இதை முழு மனதாக நம்பியிருந்தால் எம்மா இன்னும் பெரிய பாத்திரமாகியிருப்பாள். வியன்னாவுக்குக் கொடுத்த நியாயத்தில் பாதியையாவது எம்மாவுக்கும் கொடுத்திருக்கலாம்.

இறுதி மோதல் அருவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கிட்டின் மறைவிடத்தில். இதற்குள் கூட்டத்துக்கே கொலை அலுத்துவிட்டது. இது இந்த இரண்டு பெண்களின் விவகாரம் என்று மெக்கைவர்ஸ் ஒதுங்கிவிடுகிறான். குடிசைத் திண்ணையில் இருவரும் எதிரெதிரே. எம்மாவின் குண்டு வியன்னாவைக் காயப்படுத்துகிறது. குறுக்கே குரல் கொடுத்த கிட்டை எம்மா நெற்றியில் சுட்டுக் கொல்கிறாள். வியன்னா அவளைச் சுடுகிறாள். வெற்றிக் களிப்பு எதுவும் இல்லை. நாயகன் பார்த்துக்கொண்டு நிற்க, நாயகி தன் சண்டையைத் தானே முடிக்கிறாள். விக்டர் யங்கின் மெட்டு படம் முழுக்க வார்த்தையில்லாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். பெக்கி லீ எழுதிப் பாடிய வரிகள் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் கேட்கின்றன.

இந்தச் சண்டை இப்படி அமைந்ததற்குக் கிராஃபோர்டே முக்கியக் காரணம். ராய் சான்ஸ்லரின் மூல நாவலைத் திரைக்குக் கொண்டுவர முயன்றவர் அவர். நாவலும் அவருக்கே சமர்ப்பிக்கப்பட்டது. படப்பிடிப்பு தொடங்கிய பிறகு, ஆண் கதாநாயகனுக்கு உரிய செயல்களும் கடைசித் துப்பாக்கிச் சண்டையும் தனக்கு வேண்டும் என்று வற்புறுத்தித் திரைக்கதையை மாற்றி எழுதவைத்தார் என்று யோர்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். படப்பிடிப்பில் கிராஃபோர்டுக்கும் மெக்கேம்பிரிட்ஜுக்கும் கடும் பகை இருந்ததும் உண்மைதான். அந்தப் பகையைப் பற்றி எழுதித் தீர்த்த பக்கங்கள் ஏராளம். இரண்டு பெரிய நடிகைகளின் உழைப்பைப் பெண்கள் சண்டை என்ற வம்பாக்கிவிடும் அந்த எழுத்துகளைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஐம்பதை நெருங்கிய வயதில், அந்த வயது நடிகைகளுக்கு ஹாலிவுட் அம்மா வேடத்தை மட்டும் வைத்திருந்த காலத்தில், ஒரு நடிகை தனக்கு வேண்டிய பாத்திரத்தைப் போராடி வாங்கினார் என்பதே நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

வெளியானபோது அமெரிக்க விமர்சகர்கள் இதை ஏளனம் செய்தார்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் போஸ்லி கிரௌதர் கடுமையாக எழுதினார். கிராஃபோர்டிடம் பெண்மை இல்லை என்பதுதான் அவருடைய குறைகளில் பெரியது! பாரிஸில் நிலைமை வேறு. அப்போது இளம் விமர்சகராக இருந்த ஃபிரான்சுவா துருஃபோ, வெஸ்டர்ன்களிலேயே இது ஒரு தேவதைக் கதை என்று கொண்டாடினார். பிறகு இயக்குநரானதும் 1969இல் எடுத்த ‘மிசிசிப்பி மெர்மெய்ட்’ படத்தில் நாயகனையும் நாயகியையும் இந்தப் படத்துக்கே அனுப்பிவைத்தார். 2008இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்துக்கொண்டது.

ஓர் எச்சரிக்கை. இயல்பான நடிப்பை எதிர்பார்த்து உட்காராதீர்கள். வசனங்கள் கவிதை போல எதிரொலித்துப் பேசப்படுகின்றன, நிறங்கள் கத்துகின்றன, உணர்ச்சிகள் உச்சத்திலேயே இருக்கின்றன. கூத்துப் பார்க்கும் மனநிலையில் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இது பிடித்துவிட்டால் அடுத்து என்ன பார்க்கலாம்? பார்பரா ஸ்டான்விக் நடித்த இரண்டைச் சொல்வேன். 1950இல் அந்தோணி மான் இயக்கிய ‘த ஃபியூரிஸ்’ ஓர் அப்பாவுக்கும் மகளுக்கும் நடக்கும் நிலச் சண்டை. சித்தியாக வரப்போகும் பெண்ணின் முகத்தில் மகள் கத்தரிக்கோலை எறியும் இடம் இன்றும் திடுக்கிட வைக்கும். 1957இல் சாமுவேல் ஃபுல்லர் எடுத்த ‘ஃபார்ட்டி கன்ஸ்’ படத்தில் அவர் நாற்பது குதிரை வீரர்களை ஆளும் பண்ணைக்காரி. தொடக்கத்தில் அத்தனை பேரும் வெள்ளைக் குதிரையில் வரும் அவர் பின்னால் பாயும் காட்சி அற்புதமானது. ஆனால் கடைசியில் அந்தப் பெண் எல்லாவற்றையும் இழந்து நாயகனின் வண்டிக்குப் பின்னால் ஓடி வருகிறாள். ஃபுல்லர் நினைத்திருந்த முடிவு வேறு, நிறுவனம் மாற்றச் சொன்னது என்பது தெரிந்த பிறகும் அந்த ஓட்டத்தைப் பார்க்க எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஃபிரிட்ஸ் லாங் 1952இல் எடுத்த ‘ராஞ்சோ நொட்டோரியஸ்’ படத்தில் மார்லீன் டீட்ரிக் கொள்ளையர்களுக்குப் புகலிடம் நடத்துகிறார். அவருக்காகப் பார்க்கலாம், படம் கொஞ்சம் தளர்ச்சியானது.

செர்ஜியோ லியோனியின் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்’ (1968) படத்தை நீங்கள் முன்பே பார்த்திருக்கக்கூடும். ரயில் வரப்போகும் நிலத்துக்குச் சொந்தக்காரியாக நிற்கும், பழைய வாழ்க்கையை மறைக்காத ஜில், கிளாடியா கார்டினாலே நடித்த பாத்திரம். வாத்தியத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டு வந்து சேரும் மர்ம மனிதன். இரண்டுமே ‘ஜானி கிட்டார்’ கொடுத்த கடன். இதைப் பார்த்த கையோடு லியோனியின் படத்தை இன்னொரு முறை பாருங்கள். ஜில் தன் வீட்டு வாசலில் நிற்கும் ஒவ்வொரு காட்சியும் முன்பைவிட அழுத்தமாகத் தெரியும்.